நம்ம வண்டிக்கு ஹார்ன் மாத்தின கதை



ரெண்டு வாரமா வெள்ளிக்கிழமை பூசைக்குப் பாட்டிமார்களை ஏத்திட்டு வர்ற வண்டி ஏன் வரலைன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. வண்டியை வித்துட்டோம்னு ஒரு பேச்சு, எஞ்சின் போயிடுச்சுன்னு இன்னொரு பேச்சு. ரெண்டும் இல்லை. ஹார்ன் மாத்தினோம். ஒரு ஹார்ன் மாத்த ரெண்டு வாரமான்னு சிரிக்கலாம். ஆனா நடந்ததை முழுசா எழுதிவைக்கணும்னு எங்க தொண்டர் குழுவுக்குத் தோணுச்சு. நம்ம அன்பர்கள்ல பாதிப் பேர் பழைய வண்டிதான் ஓட்டுறோம், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் கீழே வரும்.

வண்டி உங்களுக்குத் தெரிஞ்சதுதான். வெள்ளை புரோட்டோன் ஈஸ்வரா, வயசு 25-க்கு மேல. ஒரு அன்பர் குடும்பம் ஆலயத்துக்கு எழுதிக் கொடுத்தது. காலையில பூ, பால், வாழையிலை எடுக்கப் போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காப்பார் பக்கம் தாமான்கள்ல தனியா இருக்கிற பாட்டிமார்களை ரெண்டு நடையா ஏத்திட்டு வரும். இவங்கள்ல முக்கால்வாசிப் பேர் முன்னே தோட்டத்துல இருந்தவங்க. அப்போ கோயில் லயத்துக்குப் பக்கத்துலயே இருந்துச்சு, நடந்தே போயிட்டு வருவாங்க. தோட்டம் போய் தாமான் வந்த பிறகு கோயிலுக்கு வர வண்டி வேணும். பிள்ளைங்க வேலை முடிஞ்சு வீடு திரும்பும்போது பூசையே முடிஞ்சிடும். அதனால இந்த வண்டி வரலைன்னா அந்த வாரம் அவங்களுக்குக் கோயில் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

ஓட்டுறது நம்ம பெரியண்ணன். வயசு 66. கிள்ளான் துறைமுகத்துக்கு இருபது வருசத்துக்கு மேல லோரி ஓட்டினவர்.

மூணு வாரத்துக்கு முன்னே ஒரு வெள்ளிக்கிழமை, மணி ஆறேகால் இருக்கும். காப்பார் ரோட்டு ஓரம் கடை வரிசையில வண்டி மெதுவா வந்துக்கிட்டிருக்கு, பின்சீட்டுல மூணு பாட்டி. ஒரு இரும்புச் சாமான் கடையிலிருந்து லோரி ஒண்ணு ரிவர்ஸ்ல வெளியே வருது. அண்ணன் நிறுத்திட்டார். பின்னால போகலாம்னா ரெண்டு மோட்டார் சைக்கிள் ஒட்டி நிக்குது. ஹார்னை அழுத்தினார். அழுத்திக்கிட்டே இருந்தார். லோரி வந்துக்கிட்டே இருந்துச்சு. கடசியில கடைப் பையன் ஒருத்தன் ஓடிவந்து லோரியோட பக்கப்பலகையை கையால தட்டினதுல நின்னுச்சு. நம்பர் பிளேட் மடங்கினதோட முடிஞ்சது. ஒரு பாட்டிக்கு முன்சீட்டுல நெஞ்சு இடிச்சு ரெண்டு நாள் வலி. கிளினிக் கூட்டிட்டுப் போனோம், ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி வாட்சாப் குழுவில என்னென்ன எழுதினாங்கன்னு அதுல இருக்கிறவங்களுக்குத் தெரியும். அண்ணனுக்கு வயசாயிடுச்சு, காது மந்தம், கை கால் பதறுது, இனிமே அவர் கையில வண்டியைக் கொடுக்கக்கூடாதுன்னு. ஒருத்தர் இன்னும் மேலே போய், வண்டியை வித்துட்டு வாடகைக்கார் கூப்பிட்டுக்கலாம்னு எழுதினார். அண்ணன் குழுவில எல்லாத்தையும் படிச்சார். பதில் ஒண்ணும் போடலை. மறுநாள் காலையில அலுவலக அறை ஆணியில சாவியை மாட்டிட்டுப் போயிட்டார்.

வயசானவர் ஓட்டுறார்னா கண்ணு காது சரியா இருக்கான்னு பார்க்கணும், அதுல எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. அண்ணன் அந்த வாரமே ரெண்டும் போய்ப் பார்த்துட்டார், யாரும் சொல்லாமலே. ஆனா ஒரு விசயம் யாருமே கேட்கலை. அழுத்தின ஹார்ன் அடிச்சுதா?

அடிச்சுது. ஆனா எப்படி? மழை நாள்ல தோல் தொய்ஞ்ச உறுமி மாதிரி. நம்ம வண்டி ஹார்ன் சத்தம் கேட்டவங்களுக்குத் தெரியும், சளி பிடிச்ச ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு ஈனக் குரல். ஒரேயடியா போயிருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பாங்க. ஹார்ன் அப்படிப் போறது இல்லை. மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா குறையும், தினம் கேட்கிற காதும் அதுக்குப் பழகிடும். பாட்டிமார்கள் அந்தக் குரலை வச்சுத்தான் நம்ம வண்டி வந்துடுச்சுன்னு கேட்டைத் திறப்பாங்க. வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு நல்லாத்தான் கேட்கும். கண்ணாடி ஏத்தி, ஏர்கோன் போட்டு, ரேடியோவும் ஓடுற லோரிக்குள்ள உட்கார்ந்திருக்கிறவருக்கு?

பொலிடெக்னிக்ல மின்சாரம் படிக்கிற நம்ம தம்பி ஒருத்தர் சொன்னார், பேசிக்கிட்டு இருக்காம அளந்து பார்த்துடலாம்னு. அடுத்த திங்கட்கிழமை, திருவிழாவுக்குப் பந்தல் கம்பி ஏத்திட்டு ஒரு லோரி ஆலயத்துக்கு வந்துச்சு. ஓட்டுனர்கிட்ட பத்து நிமிசம் கேட்டு வாங்கினோம். லோரி எஞ்சினை ஓட விட்டு, கண்ணாடியை ஏத்தி, ரெண்டு பேரை முன்னால உட்கார வச்சோம். குழுவில அண்ணன் காதைப் பத்தி எழுதினவர் அன்னிக்கு ஆலயத்துல இருந்தார். நீங்களே ஏறுங்கன்னு அன்பாத்தான் சொன்னோம். லோரிக்குப் பின்னால பதினைஞ்சு அடியில நம்ம ஈஸ்வராவை நிறுத்தி ஹார்னை அடிச்சோம்.

கொஞ்ச நேரம் கழிச்சு அவர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

"இன்னும் அடிக்கலையா?"

"மூணு தடவை அடிச்சாச்சுண்ணே."

அவர் இறங்கி வந்தார். ஒண்ணும் பேசலை. நாங்களும் பேசலை.

இனி வேலைக்கு வருவோம். பழைய வண்டி வச்சிருக்கிறவங்க இந்தப் பகுதியை நிதானமா படிங்க. கடைக்குப் போனா நேரா புது ஹார்னைத்தான் மாட்டி விடுவாங்க. புது ஹார்னும் அதே ஈனக் குரல்ல கத்தும், அப்புறம் ஹார்ன் மட்டம்னு திட்டுவோம். பாதி நேரம் ஹார்ன் மேல தப்பே இருக்காது.

ஹார்னுக்குள்ள ஒரு மின்காந்தம், அதுக்கு முன்னால ஒரு மெல்லிய இரும்புத் தகடு. மின்சாரம் வந்ததும் காந்தம் தகட்டை இழுக்கும். இழுத்த வேகத்துல உள்ளே இருக்கிற ஒரு சின்னத் தொடுமுனை விலகி மின்சாரம் அறுந்துடும். தகடு பழைய இடத்துக்குத் திரும்பும், மறுபடி தொடும், மறுபடி இழுக்கும். இது வினாடிக்கு 400, 500 தடவை நடக்குது, அதுதான் நம்ம காதுல சத்தமா விழுது. கார்கள்ல வழக்கமா ரெண்டு ஹார்ன் இருக்கும், ஒண்ணு கீழ்ச்சுருதி, ஒண்ணு மேல்ச்சுருதி. ரெண்டும் சேர்ந்தாத்தான் சத்தம் கனமா தூரம் போகும். ஒண்ணு செத்துட்டா மத்தது தனியா கீச்சுன்னு கத்தும். நம்ம வண்டியில கீழ்ச்சுருதி ஹார்ன் எப்பவோ செத்துப்போச்சு. முன் கிரில்லைக் கழட்டிப் பார்த்தா துருவில ஒரு ஈசல் புற்று மாதிரி இருந்துச்சு. வாய் மேல பார்த்து மாட்டியிருந்தாங்க, கிள்ளான் மழை எல்லாம் அதுக்குள்ளதான்.

தம்பி முதல்ல செஞ்சது, ஹார்னுக்கு வர்ற ஒயரைக் கழட்டிட்டு, பேட்டரியிலிருந்து பியூஸ் வச்ச ஒரு தனி ஒயரை நேரா ஹார்னுக்குக் கொடுத்தது. இப்படிக் கொடுத்து ஹார்ன் நல்லா கத்தினா ஹார்ன் நல்லாருக்கு, ஒயரிங்தான் கெட்டிருக்குன்னு அர்த்தம். அப்பவும் ஈனமா கத்தினா ஹார்னும் போச்சு. நம்மளது ஒண்ணு வாயே திறக்கலை. மத்தது வழக்கத்தை விடக் கொஞ்சம் பலமா, ஆனா கரகரன்னு கத்துச்சு. ஹார்னுக்குப் பின்னால ஒரு சின்ன திருகாணி இருக்கும், அதைக் கால் சுத்து இப்படியும் அப்படியும் திருப்பினா சில நேரம் குரல் திரும்பும். திருப்பிப் பார்த்தோம். கொஞ்சம் தெளிஞ்சது, போதலை.

அடுத்து மீட்டர். எஞ்சின் ஓடாம பேட்டரியில 12.5 வோல்ட். ஒருத்தர் ஹார்னை அழுத்திக்கிட்டே இருக்க, தம்பி ஹார்ன் முனையிலயும் ஹார்ன் உடம்புலயும் வச்சு அளந்தார். 9.8. வழியில 2.7 வோல்ட் காணாமப் போச்சு. 12.5-க்கு 9.8 பெரிய குறைச்சல் இல்லையேன்னு நமக்குத் தோணும். ஆனா ஹார்னுக்குப் போற சக்தி வோல்ட்டோட வர்க்கத்துல குறையுமாம், தம்பி கணக்குப் போட்டுக் காட்டினார். பேட்டரி முழுசா கொடுத்தா கிடைக்கிறதுல சுமார் 60 சதவீதம்தான் ஹார்னுக்குப் போகுது. அதுவும் ஒத்தை ஹார்னுக்கு. (ஹார்னை அழுத்திக்கிட்டேதான் அளக்கணும். மின்சாரம் ஓடாதப்போ அளந்தா இந்தக் குறைச்சல் மீட்டர்ல தெரியாது.)

அந்த 2.7 எங்கே போச்சுன்னு தேடினதுதான் பெரிய வேலை. ஹார்ன் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல அளந்தா 1.1 வோல்ட் நின்னுச்சு. சுழியத்துக்குப் பக்கத்துல இருக்க வேண்டியது. அதாவது எர்த் கெட்டிருக்கு. இந்த மாதிரி ஹார்னுக்கு எர்த் ஒயர் தனியா வராது, மாட்டியிருக்கிற இரும்புப் பட்டை வழியா வண்டி உடம்புக்குப் போகும். பட்டையும் துரு, ஆணியும் துரு. மிச்ச 1.6 வோல்ட் பாசிட்டிவ் பக்கம் போச்சு. ஸ்டியரிங் கீழே மூடியைக் கழட்டினா அலாரம் கடைக்காரர் யாரோ முன்னே ஹார்ன் ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுத்தி வச்சிருக்கார். இது நம்ம ஊர்ல பழைய வண்டிகள்ல சகஜம். அலாரம் செத்து எத்தனையோ வருசம் ஆகியிருக்கும், அவர் முறுக்கின ஒயர் மட்டும் பச்சை பூத்து அப்படியே இருக்கு.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்டியரிங்ல ஏர்பேக் இருக்கிற வண்டின்னா ஸ்டியரிங் நடுப்பகுதியை நீங்களே கழட்டாதீங்க, தெரிஞ்சவங்ககிட்ட விட்டுடுங்க. நம்ம வண்டியில ஏர்பேக் இல்லை. இருந்தாலும் ஒயர்ல கை வைக்கிறதுக்கு முன்னே பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டுத்தான் தொட்டோம்.

போத்தோங் கடையில, அதான் பழைய வண்டியை வெட்டி விக்கிற கடையில, ஜோடி 25 வெள்ளிக்கு ஹார்ன் கிடைக்குதுன்னு ஒரு யோசனை வந்துச்சு. வேணாம்னு முடிவு பண்ணோம். கதவு, விளக்கு வாங்கலாம், தப்பில்லை. உள்ளே துரு பிடிச்சிருக்கான்னு பார்க்க முடியாத சாமானை அங்கே வாங்குறதுல அர்த்தம் இல்லை. இளைஞர் பிரிவுல ஒருத்தர் லோரிக்கு மாட்டுற காற்று ஹார்ன் மாட்டலாம்னு ரொம்ப ஆசைப்பட்டார். பல ராகத்துல பாடுறது, சைரன் மாதிரி ஊளையிடுறது எல்லாம் காருக்குச் சட்டப்படி கூடாது, போலீஸ் பிடிச்சா சம்மன். அதோட காலை அஞ்சு மணிக்குப் பூ எடுக்கப் போற வண்டி அது. ஆலயத்தைச் சுத்தி எல்லா இன மக்களும் தூங்குறாங்க. சாதாரண கார் ஹார்ன், 12 வோல்ட், கீழ்ச்சுருதி ஒண்ணு மேல்ச்சுருதி ஒண்ணு, புதுசு, ஜோடி 65 வெள்ளி.

மாட்டினது இப்படி. பேட்டரிக்குப் பக்கத்துலயே 15 ஆம்பியர் பியூஸ். அங்கேயிருந்து தடிமனான புது ஒயர், நாலு கால் ரிலேயோட 30-ஆம் காலுக்கு. 87-ஆம் காலிலிருந்து ரெண்டு ஹார்னுக்கும். முன்னே ஹார்னுக்குப் போன பழைய ஒயர் இப்போ 86-ஆம் காலுக்கு, 85 எர்த்துக்கு. ஹார்ன் ஜோடி இழுக்கிறது 8, 10 ஆம்பியர். அத்தனையும் அந்தப் பழைய பட்டன், அந்த முறுக்கின ஒயர் வழியா போனதாலதான் வழியிலயே வடிஞ்சது. இப்போ பழைய ஒயர் ரிலேயைத் தட்டி எழுப்புற வேலை மட்டும்தான் செய்யுது, அதுக்கு ஒரு ஆம்பியர்ல சின்னப் பங்கு போதும். முறுக்கின இடத்தையும் வெட்டிட்டு ஒழுங்கா ஈயம் வச்சு ஒட்டிட்டோம். எர்த்துக்கு, வண்டி உடம்புல பெயின்ட்டைச் சுரண்டி, பளபளன்னு இரும்பு தெரிஞ்ச பிறகு ஆணி முடுக்கி, மேல கிரீஸ் தடவினோம். ஹார்ன் வாய் ரெண்டும் கீழ பார்த்து. கூட வர்ற மெல்லிய இரும்புப் பட்டையை வளைக்காம அப்படியே வச்சுத்தான் மாட்டணும், ஹார்ன் வேற எதையும் தொடக்கூடாது. தொட்டா தகடு அதிர்றது அடங்கி, காசு கொடுத்து வாங்கின சத்தம் பாதியாயிடும்.

மறுபடி அளந்தோம். ஹார்ன்ல 12.1.

லோரிக்காரர் ரெண்டு நாள் கழிச்சு மிச்சக் கம்பியோட வந்தப்போ அதே இடம், அதே பதினைஞ்சு அடி. இந்தத் தடவை உள்ளே உட்கார்ந்தவங்களோட சேர்ந்து சமையல்கட்டுல வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த அக்காமார்களும் வெளியே வந்துட்டாங்க.

சாவியை நாங்க யாரும் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலை. கொடுத்தா வாங்கியிருக்க மாட்டார்னுதான் நினைக்கிறோம். மீட்டர்ல பார்த்த 9.8, 12.1 ரெண்டையும், லோரிச் சோதனையையும் குழுவில ரெண்டே வரியில போட்டோம். அதுக்கு மேல எதுவும் எழுதலை. வியாழக்கிழமை காலையில அண்ணன் வந்தார், சாமி கும்பிட்டார், ஆணியிலிருந்து சாவியை எடுத்துட்டுப் போய் வண்டியைக் கழுவினார். மடங்கின நம்பர் பிளேட்டைத் தட்டி நிமித்தினதும் அவர்தான். தண்ணிக் குழாயை கிரில்லுக்கு நேரா அடிக்காதீங்கன்னு தம்பி சொல்ல, அண்ணன் ஒரு பார்வை பார்த்தார். "லோரி கழுவினவன்டா நான்."

அப்புறம்தான் தெரிஞ்சது, அண்ணனுக்கு ஹார்ன் மட்டமா இருக்கிறது ரொம்ப நாளாவே தெரியும். ஏன் சொல்லலைன்னு கேட்டோம். கும்பாபிசேகத்துக்குப் பணம் சேர்த்துக்கிட்டிருக்கிற நேரத்துல வண்டிச் செலவைக் கொண்டுவந்து நீட்ட மனசு வரலைன்னார். இதைக் கேட்டு எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமா போச்சு, அதையும் சொல்லிடுறோம். கலசத்துக்கு உபயம், வெள்ளிக் கவசத்துக்கு உபயம், அன்னதானத்துக்கு உபயம், எல்லாத்துக்கும் முன்கூட்டியே பேர் வந்துடுது. நல்ல விசயம்தான். ஆனா டயருக்கு உபயம், பிரேக்குக்கு உபயம்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் எழுதினது இல்லை. கல்வெட்டுல போட முடியாதுன்னா என்ன, பின்சீட்டுல உட்கார்ந்து வர்றவங்க எல்லாம் நம்ம பாட்டிங்கதானே. பெரியண்ணனுக்கும் மத்த ஓட்டுனர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வண்டியில குறை இருந்தா சொல்லுங்க. சேவை கவுன்டர்ல ஒரு நோட்டுப் புத்தகம் வச்சிருக்கோம், எழுதிட்டுப் போங்க.

போன வெள்ளிக்கிழமை முதல் நடை போனப்போ ஒரு சின்னக் கூத்து. வழக்கம்போல ஒரு பாட்டி வீட்டு வாசல்ல அண்ணன் லேசா ஒரு தட்டு தட்டினார். யாரும் வரலை. மறுபடி ஒரு தட்டு. ஜன்னல் வழியா குரல் மட்டும் வந்துச்சு: "ரொட்டி இன்னிக்கு வேணாம்பா." பழைய குரல் இல்லையே, பாவம் அவங்களுக்கு எப்படித் தெரியும். அண்ணன் இறங்கிப் போய் கேட்டைத் தட்டிக் கூப்பிட்டார். இனிமே அப்படித்தான் செய்யப் போறோம். வாசல்ல ஹார்ன் அடிக்க மாட்டோம், இறங்கி வந்து கூப்பிடுவோம், முடியாத இடத்துல போன் பண்ணுவோம். வீட்டுல பெரியவங்க இருக்கிறவங்க அவங்ககிட்ட இதைச் சொல்லி வைங்க.

செலவு: ஹார்ன் ஜோடி 65 வெள்ளி. ரிலே, சாக்கெட் 14. ஒயர், பியூஸ், முனைகள், டேப் 17. மொத்தம் 96 வெள்ளி, ரசீது அலுவலகத்துல இருக்கு. கூலி இல்லை. தம்பிக்கு மூணு நாள் தோசை வாங்கிக் கொடுத்ததை அவங்க அம்மா கணக்குல சேர்க்கக்கூடாதுன்னுட்டாங்க.

வர்ற வெள்ளிக்கிழமை முதல் நடை சாயங்காலம் 5.30, ரெண்டாவது நடை 6.15. புதுசா ரெண்டு பேர் பேர் கொடுத்திருக்காங்க, இடம் இருக்கு. நோட்டுப் புத்தகத்துல முதல் பக்கம் நேத்தே நிறைஞ்சிடுச்சு, அண்ணன் கையெழுத்துல: முன் வைப்பர் ரப்பர் ரெண்டும் போச்சு, பின்பக்க இடது சிக்னல் விட்டு விட்டு எரியுது, ஜேக் கைப்பிடி காணோம். வைப்பர் ரப்பருக்கு ஒரு அன்பர் பேர் எழுதிட்டார். மத்த ரெண்டும் காலியா இருக்கு.

ஆலயத் தொண்டர் குழு